விளக்குக்கு எத்தனை முகம்? வாசகர் கேள்வி–பதில்

விளக்கு, தீபம், மெழுகுத்திரி, வழிபாட்டுத் தீ. இவற்றைப் பற்றி எந்த மதத்தை முன்வைத்தும் கேட்கலாம் என்று அறிவித்திருந்தோம். வந்த கேள்விகளில் பாதி, "எல்லாம் ஒன்றுதானே?" என்று கேட்டன. மீதிப் பாதி, "ஏன் எரியமாட்டேன் என்கிறது?" என்று கேட்டன. இரண்டாவது வகைக்கே முதல் மரியாதை.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆண்டுதோறும் சர்வமதக் கூட்டம். ஐந்து பேர் சேர்ந்து ஐந்து முகக் குத்துவிளக்கு ஏற்றுவார்கள். போன ஆண்டு இரண்டு சங்கடம். மூன்றாவது முகம் பிடிக்கவே இல்லை, தீப்பெட்டிதான் காலியானது. இன்னொன்று, முஸ்லிம் நண்பர் ஒருவர் மேடை வரைக்கும் வந்து, ஏற்றாமல் ஒதுங்கி நின்றுவிட்டார். இந்த முறை எப்படிச் சமாளிப்பது? (கோவை)

மேடையில் விளக்கு மக்கர் செய்வதற்குப் பெரும்பாலும் திரிதான் காரணம். எண்ணெயை ஊற்றிய கையோடு காய்ந்த திரியைப் போட்டு, உடனே பற்ற வைத்தால் பஞ்சு கருகும், சுடர் நிற்காது. விழாவுக்குக் கால் மணி நேரம் முன்பே திரிகளை எண்ணெயில் ஊறப் போடுங்கள். இரண்டு பஞ்சுத் திரியைச் சேர்த்து, தளர்வாக முறுக்குங்கள். இறுக்கி முறுக்கினால் எண்ணெய் ஏறாது. முகத்துக்கு வெளியே ஒரு நெல்லளவு நீட்டினால் போதும். நீளமாக விட்டால் புகையும், கரி விழும். கூட்டம் வருவதற்கு முன்பு ஐந்து திரியையும் ஒரு தடவை ஏற்றி, நுனி கறுத்ததும் அமர்த்தி வையுங்கள். ஒருமுறை எரிந்த நுனி அடுத்த முறை சட்டென்று பிடிக்கும். விழா மேடைகளில் பழகியவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள், வெளியே சொல்வதில்லை.

அகலை முக்கால் அளவுக்கு மேல் நிரப்ப வேண்டாம். தேய்த்துக் கழுவிய விளக்கை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். அடியில் ஈரம் தங்கினால் சுடர் படபடவென்று தெறிக்கும். நல்லெண்ணெய் பாதுகாப்பு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். குளிர்சாதன அரங்கிலும், கொடைக்கானல் மார்கழியிலும் அது கைவிட்டுவிடும். மேடைக்கு நேர் மேலே இருக்கும் மின்விசிறியை நிறுத்த ஓர் ஆளை நியமியுங்கள். மெழுகுத்திரியால் ஏற்றுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் உருகிய மெழுகு திரிமேல் சொட்டினால் குளிர்ந்து அடைத்துக்கொள்ளும். உங்கள் மூன்றாவது முகத்துக்கு அதுவே நேர்ந்திருக்கலாம். நீளக் கைப்பிடி உள்ள கைவிளக்கு நல்லது. சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் தாழ்ந்த முகங்களின் உயரத்தில்தான் ஆடும். விளக்குக்குக் கீழே அகலமான தாம்பாளம், பக்கத்தில் ஒரு வாளி மணல்.

நண்பர் விஷயம். அவருக்கு வெளிச்சத்தோடு சண்டை இல்லை. சந்தனமும் குங்குமமும் இட்டு மாலை போட்ட விளக்கு ஏற்கெனவே பூஜையில் இருக்கிறது. அதை ஏற்றுவது வழிபாட்டில் பங்கெடுப்பது என்று அவர் எண்ணினால் அந்த எண்ணத்தில் பிழையில்லை. சில புராட்டஸ்டன்ட் சபையினரும் இதையே சொல்வார்கள். பொட்டும் பூவும் இல்லாத விளக்கு என்றால் சிலர் ஏற்றுவார்கள், சிலர் அப்போதும் மாட்டார்கள். ஒரு வாரம் முன்பு தனியே கேளுங்கள், மேடையில் வைத்துக் கேட்காதீர்கள். ஏற்ற விரும்பாதவருக்குப் பேச வாய்ப்புக் கொடுங்கள். கையில் திரியைத் திணிப்பதும் "பரவாயில்லை, சும்மா தொடுங்க" என்று படம் எடுப்பதும் அநாகரிகம்.

கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவத் தேவாலயங்களில் இதே வெண்கல நிலவிளக்கு எரிகிறது. பாதம், தண்டு, அகல் எல்லாம் நம் விளக்கேதான். உச்சியில் மட்டும் அன்னப்பறவைக்குப் பதில் சிலுவை.

எந்த மதமானாலும் ஒளியைத்தானே கும்பிடுகிறது? பிறகு ஏன் இத்தனை சண்டை? (திண்டுக்கல்)

சண்டைக்கான காரணங்களை விளக்கில் தேடினால் கிடைக்காது. முதல் பாதிக்கு மட்டும் பதில்: கும்பிடுவது என்ற சொல் எல்லோருக்கும் பொருந்தாது.

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் ஏற்றுவது சிவனைக் குறிக்கும் அடையாளம் மட்டுமல்ல, பக்தருக்கு அந்தச் சுடரே சிவன். அதிகாலையில் கோயிலுக்குள் பரணி தீபம். மாலை ஆறு மணிக்கு அர்த்தநாரீசுவரர் சில நிமிடம் மட்டும் வெளியே வருவார், அந்த நேரத்தில் 2,668 அடி உயர மலையில் கொப்பரை பற்றிக்கொள்ளும். மூவாயிரம் கிலோவுக்கு மேல் நெய், ஆயிரம் மீட்டர் காடாத் துணியால் திரி. பதினொரு நாள் எரியும். கொப்பரையில் மிஞ்சும் மையைக்கூட ஆருத்ரா தரிசனத்துக்குப் பிறகு பிரசாதமாக வாங்கிப் போகிறார்கள்.

கத்தோலிக்கர் ஈஸ்டருக்கு முந்தைய இரவில் ஏற்றும் பெரிய மெழுகுத்திரியான பாஸ்கா திரி கிறிஸ்துவைக் குறிக்கிறது, அது கிறிஸ்து அல்ல. குர்ஆன் இறைவனை ஒளி என்று சொல்லி, உடனே அதை விளக்கின் உவமையாக்குகிறது. விளக்கு அங்கே புரிய வைக்கும் கருவி, அதன் முன் யாரும் குனிவதில்லை. யூதருக்கு ஹனுக்கா (எருசலேம் ஆலயத்தை மீட்ட நினைவாக எட்டு நாள் விழா) விளக்கு அந்த நிகழ்ச்சியை ஊருக்கு அறிவிக்கும் பலகை மாதிரி. சமணத்தில் இன்னொரு கோணம். மகாவீரர் பாவாபுரியில் நிர்வாணம் அடைந்த இரவில், ஞான விளக்கு போய்விட்டது, மண் விளக்காவது ஏற்றுவோம் என்று அரசர்கள் ஏற்றியதாக அவர்கள் தீபாவளிக்குக் காரணம் சொல்கிறார்கள். ஆனால் சமணத் துறவிகள் தாங்களாக விளக்கு ஏற்றமாட்டார்கள். தீக்கே உயிர் உண்டு என்பது அவர்கள் கொள்கை, சுடரில் விழும் பூச்சிகள் வேறு.

ஆகவே ஐந்து மதமும் ஒரே சொல்லைப் பேசுகின்றன, ஐந்து இலக்கணத்தில்.

இஸ்ரேலில் முதியோர் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். டிசம்பரில் அம்மா (நான் கவனித்துக்கொள்பவர்) ஒன்பது கிளை விளக்கில் நாளுக்கு ஒன்றாக ஏற்றச் சொல்கிறார். கை நடுங்குவதால் அடுக்குவது என் வேலை. எந்தப் பக்கம் தொடங்குவது என்பதில் தினமும் திட்டு வாங்குகிறேன். (கன்னியாகுமரி மாவட்ட வாசகி)

ஹனுக்கா விளக்கில் அடுக்குவது வலமிருந்து இடம், ஏற்றுவது இடமிருந்து வலம். இதை மனத்தில் வைத்தால் திட்டு நிற்கும்.

முதல் நாள், விளக்கைப் பார்த்து நிற்கும் உங்களுக்கு வலக்கோடியில் ஒரு மெழுகுத்திரி. இரண்டாம் நாள் அதற்கு இடப்பக்கம் இன்னொன்று. ஏற்றும்போது புதிதாக வைத்ததை முதலில் ஏற்றி, வலப்பக்கமாக நகரவேண்டும். ஒன்பதாவது கிளை 'ஷமாஷ்', பணியாள் என்று பொருள். அது மற்ற எட்டைவிட உயரத்திலோ தள்ளியோ இருக்கும். அதை ஏற்றி, அதைக்கொண்டுதான் மற்றவற்றை ஏற்றுவார்கள். ஏனென்றால் அந்த எட்டுச் சுடரின் வெளிச்சத்தை வேறு வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. அதில் படிக்கக் கூடாது, காசு எண்ணக் கூடாது. தவறிப் பயன்படுத்தினாலும் அது ஷமாஷின் கணக்கில் போகட்டும் என்றுதான் அந்த ஒன்பதாவது. எட்டும் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில் இருக்கவேண்டும். வட்டமாக நெருக்கி வைத்தால் தீப்பந்தம் போல ஒன்றாகத் தெரியும், அது கூடாது. எட்டு நாளைக்கு 36, ஷமாஷுக்கு 8, ஆக 44 திரி. கடையில் விற்கும் பெட்டியில் அதனால்தான் அந்த விசித்திர எண்ணிக்கை.

இருட்டிய பிறகு குறைந்தது அரை மணி நேரம் எரியவேண்டும். பலர் தவறுவது வெள்ளிக்கிழமையில். அன்று சூரியன் மறையும் முன்பே, சப்பாத் (யூதர்களின் வார ஓய்வுநாள்) திரிகளுக்கும் முன்பாக, ஹனுக்கா விளக்கை ஏற்றிவிடவேண்டும். அரை மணி எரியும் சின்ன வண்ணத் திரி இருட்டுவதற்குள் தீர்ந்துபோகும். அன்றைக்கு மட்டும் நீளத் திரி வாங்குங்கள், அல்லது ஒலிவ எண்ணெயைக் கூடுதலாக ஊற்றுங்கள்.

சப்பாத் திரி ஏற்றியதும் அம்மா கண்ணை மூடிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். வழக்கமாக யூதர்கள் ஆசியுரையைச் சொல்லிவிட்டுத்தான் செயலைச் செய்வார்கள். இங்கே ஆசியுரை சொன்ன கணமே சப்பாத் தொடங்கிவிடும், தொடங்கினால் தீ மூட்டக் கூடாது. ஆகவே முதலில் ஏற்றி, கண்ணை மூடி, ஆசியுரை சொல்லி, பிறகு கண் திறந்து வெளிச்சத்தைப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு திரி சாய்ந்தாலும் அவராகத் தொடமாட்டார். தீ அபாயம் என்றால் மட்டும் தயங்காதீர்கள், உயிர் காக்க அவர்கள் சட்டமே விதியைத் தளர்த்துகிறது.

குர்ஆனில் விளக்கு பற்றிய வசனம் ஒன்று இருக்கிறதாமே? அப்படியானால் தர்காவில் விளக்கேற்றுவதை ஏன் சிலர் எதிர்க்கிறார்கள்? (நாகூர்)

24ஆவது அத்தியாயத்தின் பெயரே அந்நூர், ஒளி. அதன் 35ஆவது வசனத்தை நம் ஊர்க்காரர் புரிந்துகொள்வது எளிது. பழைய வீட்டுத் திண்ணைச் சுவரில் விளக்கு மாடம் பார்த்திருப்பீர்கள், முக்கோணமாகவோ வளைவாகவோ குடைந்த மாடக்குழி. வசனத்தில் வருவதும் அதேதான். மாடத்தில் ஒரு விளக்கு, விளக்கு கண்ணாடிக்குள், கண்ணாடி ஒளிரும் நட்சத்திரம் போல. கிழக்கையும் சேராத, மேற்கையும் சேராத ஒலிவ மரத்தின் எண்ணெய், தீ தொடாமலே ஒளிர்ந்துவிடும் போலிருக்கும் அத்தனை தெளிவு. ஒளிக்குமேல் ஒளி.

மாடம் எதற்கு? மூன்று பக்கமும் காற்றை மறைக்கும், பின்சுவர் வெளிச்சத்தை முன்னால் தள்ளும். ஒரே சுடர் திறந்த வெளியில் கொடுப்பதைவிட மாடத்தில் அதிகம் கொடுப்பதாகத் தோன்றும். மதகுருக்கள் இதயத்தை அந்த மாடமாக விளக்குவார்கள். 14ஆம் நூற்றாண்டில் கெய்ரோவின் மம்லூக் சுல்தான்கள் பள்ளிவாசல்களுக்குச் செய்வித்த எனாமல் பூச்சுக் கண்ணாடி விளக்குகளில் இந்த வசனத்தையே எழுதினார்கள். விளக்கை ஏற்றினால் எழுத்து ஒளிரும்! அந்த மாதிரி விளக்கில் அடியில் தண்ணீர், மேலே எண்ணெய், அதில் திரி. எண்ணெய் தீர்ந்ததும் தண்ணீர் சுடரை அடக்கிவிடும், கண்ணாடி சூடேறி வெடிக்காது.

தர்கா விஷயத்தில் முஸ்லிம்களுக்குள்ளேயே இரு கருத்து. அடக்கத்தலத்தில் விளக்கு வைப்பதை நபிமொழி கண்டித்திருக்கிறது என்பது ஒரு தரப்பு. வருவோருக்கு வெளிச்சமும் மகானுக்கு மரியாதையும் என்பது மற்றொரு தரப்பு. நாகூர் போன்ற தர்காக்களில் எல்லா மதத்தவரும் எண்ணெய் கொண்டுவருவது அந்த இரண்டாவது மரபு. தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல.

எங்கள் பங்குக் கோயிலில் சில ஆண்டுகளாக பாஸ்கா திரி என்ற பெயரில் பிளாஸ்டிக் குழாய் வைத்து, உள்ளே திரவ மெழுகுக் குப்பி. கேட்டால் 'சொட்டாது, சுத்தம்' என்கிறார்கள். சரிதானா? (தூத்துக்குடி)

சரியல்ல. 1988இல் உரோமையிலிருந்து வந்த பாஸ்கா சுற்றறிக்கை தெளிவாகவே சொல்கிறது: திரி மெழுகால் ஆனதாக இருக்கவேண்டும், செயற்கையாக இருக்கக் கூடாது, ஆண்டுதோறும் புதியதாக இருக்கவேண்டும், ஒன்றே ஒன்றாக இருக்கவேண்டும். காரணமும் சடங்குக்குள்ளேயே இருக்கிறது. ஈஸ்டர் இரவில் பாடும் பாஸ்கா புகழுரையில் தேனீக்கள் வருகின்றன. தேனீ செய்த மெழுகு தன்னைக் கரைத்து வெளிச்சம் தருகிறது என்பதுதான் படிமம். குழாய் கரைவதில்லை.

தயாரிக்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். திரியில் முதலில் சிலுவை, அதன் மேலே அல்ஃபா, கீழே ஒமேகா, நான்கு மூலைகளில் ஆண்டின் நான்கு எண்கள். பிறகு ஐந்து சாம்பிராணி மணிகள் சிலுவை வடிவில், ஐந்து காயங்களுக்காக. மணியை அப்படியே குத்தினால் மெழுகு கீறி உடையும். மாலையிலேயே சூடான ஊசியால் ஐந்து துளை போட்டு வையுங்கள். வடிவம் பிரிண்ட் போட்டு வந்த திரி என்றாலும், குருவானவர் கீறும்போது கத்தி பதிய இடம் விடுங்கள்.

திருவிழிப்பு, அதாவது அந்த இரவு வழிபாடு, இருட்டிய பிறகுதான் தொடங்கவேண்டும். ஆறரை மணி வசதி என்று வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கினால் புதுத் தீக்கு அர்த்தம் போய்விடும். கோயிலுக்கு வெளியே நெருப்பு கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும். கற்பூரத் தட்டு போதாது, காய்ந்த விறகு நல்லது. தீயிலிருந்து பெரிய திரிக்கு எடுக்கும்போது கடற்கரை ஊர்களில் காற்று கைகொடுக்காது. அதே புதுத் தீயிலிருந்து ஓர் அரிக்கேன் விளக்கை ஏற்றி, பீடச் சிறுவன் ஒருவனிடம் கொடுத்து வையுங்கள். வழியில் அணைந்தால் தீப்பெட்டியைத் தேடாமல் அதிலிருந்தே மறுபடி ஏற்றலாம்.

"கிறிஸ்துவின் ஒளி" மூன்று முறை. இரண்டாவதற்குப் பிறகு மக்கள் கையிலிருக்கும் திரிகள் ஏறும். மூன்றாவதற்குப் பிறகு கோயில் மின்விளக்குகள், ஆனால் பீடத் திரிகள் வானவர் கீதம் வரைக்கும் காத்திருக்கவேண்டும். பல பங்குகளில் மின்பணியாளர் ஆர்வக்கோளாறில் முதல் பாட்டுக்கே சுவிட்சைப் போட்டுவிடுவார். அவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மக்களிடம் ஒரே ஒரு விதி சொல்லுங்கள்: எரியும் திரி நேராக நிற்கட்டும், எரியாத திரிதான் சாயவேண்டும். இது புரியாமல்தான் ஒவ்வோர் ஆண்டும் பெஞ்சிலும் பட்டுப் புடவையிலும் மெழுகு.

பெந்தகோஸ்து வரை ஐம்பது நாள் அது பீடத்தருகே. அதற்குப் பின் ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் போய், ஆண்டு முழுக்க ஞானஸ்நானத்துக்கும் அடக்கத் திருப்பலிக்கும் எரியும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒரே சுடர். பிளாஸ்டிக் குழாயை வாங்குகிறவர்கள் யோசிக்காத இடம் இது.

ராயபுரத்தில் பார்சிக் கோயில் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்க்கமுடியுமா? அவர்கள் நெருப்பைக் கும்பிடுகிறவர்கள்தானே? (சென்னை)

போகமுடியாது. பார்சிகள் மட்டுமே. 1910இல் திறந்த அந்த தார்-எ-மெஹர்தான் தமிழ்நாட்டில் அவர்களுக்கு இருக்கும் ஒரே வழிபாட்டுத் தீ. 'நெருப்பைக் கும்பிடுகிறவர்கள்' என்ற பட்டம் அவர்களுக்குப் பிடிக்காது. வழிபடுவது அஹுர மஸ்தா என்ற இறைவனை, தீ அவருடைய உண்மைக்கும் ஒழுங்குக்கும் சாட்சி. தீ இல்லாத இடத்தில் சூரியனையோ நிலவையோ ஒரு சாதாரண விளக்கையோ பார்த்தும் பிரார்த்திப்பார்கள்.

தீயில் மூன்று தரம் உண்டு. உயர்ந்தது ஆதஷ் பெஹ்ராம். பதினாறு இடத்துத் தீ சேர்ந்தால்தான் அது உருவாகும். குயவர் சூளை, பொற்கொல்லர் உலை, சிதை என்று ஒவ்வொன்றாக. அதில் ஒன்று மின்னல் விழுந்து பற்றிய தீ, அதற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டும். ஒரு தீயை மற்றதோடு நேராகக் கலக்கமாட்டார்கள். துளையுள்ள கரண்டியில் சந்தனச் சிராய் வைத்து, தீயைத் தொடாமல் மேலே பிடிப்பார்கள், வெப்பத்தாலேயே சிராய் பற்றும். அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று. இப்படித்தான் சுத்திகரிப்பு. இந்தியாவில் இத்தகைய தீ எட்டு: மும்பையில் நான்கு, சூரத்தில் இரண்டு, நவ்சாரியில் ஒன்று, உத்வாடாவில் ஒன்று. மூத்தது உத்வாடாவின் இரான்ஷா, 1742 முதல் அங்கே. நாளுக்கு ஐந்து முறை பூசாரி விறகிடுவார், மூச்சுக் காற்று படாதபடி வாயை வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டு.

வடலூரில் ஏழு திரை விலக்கி ஜோதி பார்க்கிறோம். திரைக்குப் பின்னால் இருப்பது வெறும் விளக்குதானா? (நெய்வேலி)

விளக்கும் கண்ணாடியும். 'வெறும்' என்பதை வள்ளலார் ஒப்பமாட்டார். உருவச்சிலை வைக்காத சபை என்பதுதான் அவர் செய்த புதுமை. 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று சத்திய ஞான சபையில் முதல் ஜோதி தரிசனம். ஏழு திரைக்கும் நிறம் உண்டு: கறுப்பு மாயா சக்தி, நீலம் கிரியா சக்தி, பச்சை பராசக்தி, சிவப்பு இச்சா சக்தி, பொன் ஞான சக்தி, வெள்ளை ஆதி சக்தி, கடைசியில் கலப்பு நிறத்தில் சிற்சக்தி. மாதப் பூசத்தில் ஆறு திரையை மட்டும் விலக்குவார்கள். தைப்பூசத்தில் ஏழும் விலகும், அன்று காலை முதல் மறுநாள் விடியல் வரை ஆறு காலம்.

கூட்டத்தில் நின்று பார்க்கிறவருக்குக் கிடைப்பது சில நொடிதான். திரை விலகும்போது எல்லோரும் செல்போனைத் தூக்கினால் முன்வரிசையின் திரைவெளிச்சம்தான் பின்வரிசைக்கு ஜோதி. இதை அறிவிப்புப் பலகையில் எழுதலாம். பக்கத்திலேயே தருமச்சாலையில் 1867இல் அவர் மூட்டிய அடுப்பு இன்றும் எரிந்து, வந்தவருக்குச் சோறு போடுகிறது. ஞான சபையின் சுடரையும் அந்த அடுப்பையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்க்காமல் பேருந்து ஏறுகிறவர்கள் பாதி வடலூரைத்தான் பார்க்கிறார்கள்.

கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு என்று வருகிறது. ஆட்டுக்கும் விளக்குக்கும் என்ன கணக்கு? (கும்பகோணம்)

நெய்க் கணக்கு. நந்தா விளக்கு என்றால் அணையா விளக்கு, இரவும் பகலும் எரியவேண்டியது. அதற்கு நாளொன்றுக்கு உழக்கு நெய். உழக்கு என்பது கால் நாழி. நாள்தோறும் அந்த நெய் வர, ஒருவர் 96 பெண்ணாடுகளைக் கோயிலுக்குக் கொடுப்பார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இதற்கு மாற்று விகிதமும் உண்டு: 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. ஆடுகள் கோயிலில் நிற்பதில்லை. இடையர் ஒருவர் பொறுப்பேற்று மேய்ப்பார், நாள்தவறாமல் உழக்கு நெய்யை அளப்பார், மிஞ்சிய பாலும் குட்டியும் அவருடையவை.

'சாவா மூவாப் பேராடு' என்ற சொல் இங்குதான் வருகிறது. ஆடு சாகாதா? சாகும். ஆனால் கணக்கில் 96 எப்போதும் 96தான். செத்ததற்கு ஈடாகப் பிறந்ததைச் சேர்த்துக்கொள்ளவேண்டியது இடையரின் கடமை. முதல் அழியாத வைப்புநிதி, நான்கு கால்களில்.

இந்த முறை ஒரு மதத்துக்கு மட்டும் உரியதல்ல. போளூர் அருகே திருமலையில் இருக்கும் சமணக் கோயிலுக்கு, குந்தவை ஜினாலயத்துக்கு, முதலாம் இராஜேந்திரன் காலத்தில் ஒரு வணிகரின் மனைவி நந்தா விளக்குக்கும் திருவமுதுக்கும் காசு வைத்திருக்கிறார்.

அணையாமல் எரிய ஆள் வேண்டும், அல்லது பொறி வேண்டும். இலங்கையின் தெடிகமவில் கிடைத்த 12ஆம் நூற்றாண்டு வெண்கல யானை விளக்கு இதற்கு அழகான விடை. யானையின் வயிற்றில் எண்ணெய். கீழே கிண்ணத்தில் எண்ணெய் மட்டம் துளைக்குக் கீழே இறங்கியதும் காற்று உள்ளே நுழையும், எண்ணெய் ஒழுகும். மட்டம் ஏறித் துளையை மூடியதும் தானாக நின்றுவிடும். கோழிக்குத் தண்ணீர் வைக்கும் கவிழ்த்த குப்பியும் இதே சூத்திரம்தான்.

'உனக்கு நீயே விளக்கு' என்று புத்தர் சொன்னாரா? (மட்டக்களப்பு)

சொன்ன பாலிச் சொல் 'அத்ததீபா'. பாலியில் 'தீப' என்றால் விளக்கும் உண்டு, தீவும் உண்டு. சமஸ்கிருதத்தில் இரண்டும் தனித்தனி, தீப, த்வீப. பாலி உரையாசிரியர் கடல் நடுவே நிற்கும் தீவு என்றே பொருள் கொண்டார், சமஸ்கிருத வடிவத்திலும் 'த்வீப' என்றே நிற்கிறது. வெள்ளத்தில் கால் ஊன்ற இடம் என்பது மூலத்துக்கு நெருக்கம். ஆனாலும் விளக்கு என்ற மொழிபெயர்ப்பு வெசாக் (புத்தர் பிறந்தநாள் விழா) தோரணம் வரை ஊன்றிவிட்டது, இனி யார் மாற்றமுடியும்?

விளக்கை வாயால் ஊதி அணைக்கக் கூடாது என்கிறார்கள். மூடநம்பிக்கையா? (மதுரை)

நம் வீடுகளில் 'அணை' என்ற சொல்லையே தவிர்ப்பார்கள். அமர்த்து, குளிர வை, மலையேற்று. முறை எளிது: தூண்டுகோலால் திரி நுனியை எண்ணெய்க்குள் இழுத்துவிட்டால் போதும், புகையும் வராது. சிலர் பால் சொட்டு விடுகிறார்கள், அதைச் செய்யாதீர்கள். பாலில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், சூடான எண்ணெயில் விழுந்தால் தெறித்து முகத்தில் அடிக்கும். ஊதினாலும் எண்ணெய் சிதறும், எரியும் திரி நழுவும். மெழுகுத்திரியானால் உருகிய மெழுகு பறக்கும், அதற்காகத்தான் தேவாலயங்களில் நீளக்கோலில் மணி போன்ற மூடி.

மற்றவர்கள்? பார்சிகளுக்கு மூச்சே படக்கூடாது. யூதர் சப்பாத்தில் ஏற்றவும் மாட்டார், அணைக்கவும் மாட்டார். நபிகள் நாயகமோ தூங்கப் போகும்முன் விளக்கை அணைத்துவிடுங்கள் என்று சொன்னதாக புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. காரணம், எலி திரியை இழுத்துக்கொண்டு போய் வீட்டைக் கொளுத்திவிடும்! எண்ணெய்த் திரி எலிக்குத் தின்பண்டம் என்பதை அகல் வைத்துத் தூங்கிய யாரும் மறுக்கமாட்டார்கள். இரவு முழுக்க எரியவிடுகிறவர்கள் அகலைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் வையுங்கள்.

எண்ணெய் விலை ஏறிவிட்டது. எல்இடி அகல் போதாதா? (திருப்பூர்)

கார்த்திகைக்கு மாடிச்சுவர் முழுக்க எல்இடி வைத்தால் யாரும் கேட்கப்போவதில்லை. வெசாக் கூடுகளுக்குள் இப்போது பெரும்பாலும் பல்புதான். ஆனால் ஹனுக்காவுக்கு மின்விளக்கு செல்லாது என்பதே ரப்பிகளில் (யூத மதகுருக்கள்) பலர் கருத்து: எண்ணெயும் திரியும் இல்லை. கத்தோலிக்கக் கோயிலில் நற்கருணை அப்பம் வைக்கும் பேழைக்கு முன்னால் எரியும் அணையா விளக்கும் எண்ணெய் அல்லது மெழுகில் எரியவேண்டும் என்பது திருப்பலி நூலின் பொது விதி, நடைமுறையில் பல கோயில்களில் சிவப்பு பல்பு. வீட்டுப் பூஜைக்கு ஒரே ஓர் அகலில் நல்லெண்ணெய், மற்றதெல்லாம் எல்இடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஒரு மாலைக்குத் தாராளம். பேட்டரி அகலை எண்ணெய் அகலுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் உருகும்.